நோர்வே கரையோரக் கப்பல்: மலைநாட்டிலிருந்து கிளம்புகிறவர்களுக்கு

நோர்வேயின் கரையோரக் கப்பலை உல்லாசக் கப்பல் என்று நினைத்துத் திட்டம் போட்டால் முதல் இரவே மனம் சலித்துவிடும். நீச்சல் குளமும் நடன மேடையும் தேடிப் போகும் கப்பல் அல்ல அது. நம்மூர்ப் பதுளை ரயில் மாதிரி. உல்லாசப் பயணிகளும் ஏறுவார்கள், பள்ளிக்கூடப் பிள்ளையும் ஏறும், தபால் பையும் ஏறும், மரக்கறி மூட்டையும் ஏறும். ரயிலுக்கு அழகு தேயிலை மலை, இந்தக் கப்பலுக்கு அழகு கடலுக்குள் கால் நீட்டிய மலை. 1893 ஜூலை 2 ஆம் திகதி ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து ஹம்மர்ஃபெஸ்ட்டுக்கு முதல் கப்பல் போனது. அன்று தொடங்கிய சேவைதான் இன்று தெற்கே பேர்கனுக்கும் ரஷ்ய எல்லையருகே கிர்க்கெனெஸுக்கும் இடையில் 34 துறைமுகங்களைத் தொட்டு ஓடுகிறது. ஹூர்ட்டிக்ரூட்டன் நிறுவனத்தின் ஏழு கப்பல்களும் ஹவிலா நிறுவனத்தின் நான்கு கப்பல்களும் முறை வைத்து ஓடுவதால் வருடம் முழுவதும் தினமும் ஒன்று கிளம்பும்.

சேவைக் கப்பல் என்பதை மனதில் வைத்தால் மற்ற முடிவுகள் தானாக ஒழுங்குக்கு வரும். சில துறைமுகங்களில் கால் மணிநேரம்தான் நிற்கும், அதுவும் இரவு இரண்டு மணிக்கு. ட்ரொம்சோ, ட்ரொண்ட்ஹெய்ம், ஹொன்னிங்ஸ்வோக் போன்ற இடங்களில் சில மணிநேரம் கிடைக்கும். தனியாக இறங்கிச் சுற்றப் போனவர் யாருக்காகவும் கப்பல் காத்திருக்காது.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், கப்பலைப் பிறகு பார்க்கலாம். மாதம் மாறினால் பார்ப்பது வேறு ஊர் என்றே சொல்லலாம்.

மே கடைசியும் ஜூன் தொடக்கமும் வந்தால் மலை உச்சியில் பனி மிச்சமிருக்கும், அது உருகி அருவிகள் நிரம்பி விழும், வடக்கில் சூரியன் மறையாது. வடமுனை எனப்படும் நோர்ட்காப் என்ற கரைமுனையில் (வடதுருவம் அல்ல) மே நடுப்பகுதியிலிருந்து ஜூலை கடைசி வரை நள்ளிரவிலும் சூரியன் அடிவானத்துக்கு மேலேதான் நிற்கும். யுனெஸ்கோ 2005 இல் உலக மரபுப் பட்டியலில் சேர்த்த கெய்ராங்கர் ஃபியோர்டுக்குள், அதாவது மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் நுழைவுக்குள், கரையோரக் கப்பல் நுழைவது ஜூன் முதல் ஆகஸ்ட் வரைதான், அதுவும் வடக்கு நோக்கிப் போகும்போது மட்டும். கெய்ராங்கரைப் பார்க்கவே போகிறவர்கள் ஏப்ரலில் பதிவு செய்துவிட்டு ஏமாறுவதுண்டு.

இரவு வானத்தில் திரை போல் அசையும் வடதுருவ ஒளி வேண்டுமென்றால் செப்டெம்பர் நடுப்பகுதி முதல் மார்ச் கடைசி வரை. கோடையில் இரவு இருட்டாவதே இல்லை என்பதால் ஒளி வானத்தில் இருந்தாலும் கண்ணுக்குப் படாது. எங்களைக் கேட்டால் செப்டெம்பர் பிற்பகுதியைத்தான் சொல்வோம். இரவு போதுமான அளவு இருட்டியிருக்கும், பகலும் நீளமாக இருக்கும், மரங்கள் மஞ்சளாகியிருக்கும், கடலும் நடுக்குளிர்காலம் போல் சீறாது. டிசம்பரில் ட்ரொம்சோவுக்கு மேலே சூரியன் உதிப்பதே இல்லை. நண்பகலில் இரண்டு மூன்று மணிநேரம் நீல வெளிச்சம் இருக்கும், அவ்வளவுதான். அந்த நீலத்துக்காகவே போகிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் “கரையைப் பார்க்கப் போகிறோம்” என்று குடும்பத்தைக் கூட்டிப் போகிறவருக்கு டிசம்பர் சரிவராது.

பிள்ளைகளின் ஏப்ரல் விடுமுறைக்குள் போய்வர வேண்டியவர்கள் பலர். நுவரெலியாவில் சீசன் களைகட்டியிருக்கும் அந்த மாதத்தில் அங்கே சீசன் தொடங்கியிருக்காது. வடக்கில் பனி வெள்ளையாகக் கிடக்கும், பகல் 14 மணிநேரத்தைத் தாண்டும், கோடையை விட இடமும் எளிதாகக் கிடைக்கும். கெய்ராங்கர் இல்லை, ஒளியின் காலமும் முடிகிற தறுவாய். இந்த இரண்டையும் விட்டுக்கொடுக்க முடிந்தால் ஏப்ரல் நல்ல மாதம்.

அடுத்தது திசை. பேர்கனிலிருந்து வடக்கே கிர்க்கெனெஸுக்கு ஆறு இரவுகள். கிர்க்கெனெஸிலிருந்து தெற்கே ஐந்து. போய்த் திரும்பினால் 11 இரவுகள், 12 நாட்கள். போகும்போது இரவில் கடந்த துறைமுகங்கள் பலவற்றைத் திரும்பும்போது பகலில் பார்க்கும்படி நேர அட்டவணை அமைந்திருக்கிறது. அதனால் ஒரு பக்கம் மட்டும் போகிறவருக்குக் கரையின் பாதிதான் கிடைக்கும். எந்தப் பாதி என்பதைத் தெரிந்து எடுங்கள். வடக்கு நோக்கிப் போனால் ட்ரொம்சோவும் வடமுனையும் பகலில் கிடைக்கும். தெற்கு நோக்கி வந்தால் வெஸ்டெரோலன் தீவுகளும், ஏழு சகோதரிகள் மலைத்தொடரும், நடுவில் துளை விழுந்த டோர்க்ஹாட்டன் மலையும் பகலில் வரும். டோர்க்ஹாட்டனின் துளை 160 மீற்றர் நீளம். கப்பல் சரியான கோணத்துக்கு வரும் சில நிமிடங்களுக்குத்தான் மறுபக்க வானம் அதன் வழியே தெரியும். அறிவிப்பு வந்த பிறகு கோட்டைத் தேடினால் கடந்து போயிருக்கும்.

ஒளி பார்க்கப் போகிறவருக்கு இந்தக் கணக்கு இன்னும் முக்கியம். வடக்கே போகும் கப்பல் நான்காம் நாள் காலைதான் துருவ வட்டத்தைத் தாண்டும். வீக்கிங்கன் என்ற சின்னத் தீவில் உலோகத்தால் செய்த உலக உருண்டை ஒன்று நிற்கும், அதுதான் அடையாளம். ஒரு வழி மட்டும் போனால் வட்டத்துக்கு மேலே மூன்று இரவுகள். போய்த் திரும்பினால் ஆறு. மேகம் மூடிய வானத்தில் ஒளி தெரியாது. ஹோர்ட்டன் சமவெளியின் உலக முடிவுக்கு ஒன்பது மணிக்குப் பிறகு போய் வெள்ளை மூடுபனியை மட்டும் பார்த்துத் திரும்புகிறவர்களைத் தெரிந்த நமக்கு, மூன்றுக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

பணம் இடிக்கிறது என்றால் முழுப் பயணம் கட்டாயமில்லை. துறைமுகத்திலிருந்து துறைமுகத்துக்கு மட்டும் சீட்டு வாங்கலாம், குறுகிய தூரத்துக்கு அறைகூட எடுக்கத் தேவையில்லை. ட்ரொண்ட்ஹெய்மிலிருந்து பூடோவுக்கு ரயிலில் சுமார் பத்து மணிநேரம், அதுவும் துருவ வட்டத்தைத் தாண்டித்தான் போகும். பூடோவில் பிற்பகல் கப்பலேறினால் வெஸ்ட்ஃபியோர்டைக் கடந்து சுமார் ஆறு மணிநேரத்தில் லொஃபோட்டனின் ஸ்வொல்வாரில் இறங்கலாம். கடலுக்கு மேலே பல்வரிசை போல லொஃபோட்டன் மலைகள் எழுந்து வரும் காட்சி இந்த வழியில்தான் முழுதாகக் கிடைக்கும். குறைந்த செலவில் கரையின் சாரத்தைப் பார்க்க இதைவிட நல்ல துண்டு கிடையாது.

ரயில் பிரியர்கள் ஒஸ்லோவிலிருந்து பேர்கனுக்கும் விமானத்தை விட்டு ரயிலில் போகலாம், ஏழு மணிநேரத்துக்குள் முடியும். வழியில் வரும் ஃபின்சே நிலையம் 1,222 மீற்றர் உயரம். நம் ஹட்டன் நிலையத்தை விடச் சற்றுத் தாழ்வு. ஆனால் மே மாதத்திலும் தண்டவாளத்துக்கு இருபுறமும் பனி குவிந்து கிடக்கும்.

அறை எடுக்கும்போது மூன்று விஷயங்களைப் பாருங்கள். அசைவு ஆகாதவர்கள் கப்பலின் நீளத்தில் நடுவிலும், உயரத்தில் கீழ்த் தளத்திலும் எடுக்க வேண்டும். முன்பக்கத்து அறைகள் அலையில் அதிகம் ஏறி இறங்கும். அதோடு ஒவ்வொரு துறைமுகத்திலும் கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் உந்திகள் முன்பக்கத்துக்கு அடியில்தான் இருக்கும். நடுச்சாமத்தில் கருங்கல் அரைப்பது போல் சத்தம் வரும். சரக்குக் கதவுக்குப் பக்கத்து அறைகளில் ஃபோர்க்லிஃப்ட் ஓடும் சத்தம். அடுத்தது, “மறைக்கப்பட்ட காட்சி” என்று விலை குறைத்துக் கொடுக்கும் அறையின் ஜன்னலுக்கு முன்னால் பெரும்பாலும் உயிர்காப்புப் படகு தொங்கும். பகல் முழுக்க மேல்தளத்தில் இருக்கப் போகிறவருக்கு அது போதும், ஜன்னலே இல்லாத உள்ளறையும் போதும். வயதானவர்களோடு போனால் மட்டும் நல்ல ஜன்னலுக்குப் பணம் கொடுங்கள். மூன்றாவது, பக்கம். வடக்கே போகும்போது நிலம் வலப்பக்கம், தெற்கே வரும்போது இடப்பக்கம். தீவுகள் இருபுறமும் வருவதால் இது ரயிலில் சீட் பிடிப்பது போல் உயிர்போகும் பிரச்சினை இல்லை, ஆனால் ஒரே விலைக்கு இரண்டும் கிடைத்தால் நிலப்பக்கத்தை எடுங்கள்.

இனி விசா. திட்டம் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

நோர்வே ஷெங்கன் நாடு, அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஒரே விசாவில் சேர்ந்தது. கொழும்பிலிருந்த நோர்வே தூதரகம் 2023 இல் மூடப்பட்டுவிட்டது. எங்கே, எப்படி விண்ணப்பிப்பது என்பதை நோர்வே குடிவரவு இயக்குநரகமான யூ.டி.ஐ.யின் தளத்தில் பார்த்து அதன்படி செய்யுங்கள், முகவர் வாய்ச்சொல்லை நம்ப வேண்டாம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி எல்லை 15 நாள். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில வேளை 45 நாள் வரை இழுக்கும். அதனால் இரண்டரை மாதம் முன்பே கொடுத்துவிடுவது நல்லது. கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45, அதற்குக் கீழே இல்லை. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். கடவுச்சீட்டு கடைசிப் பத்து ஆண்டுக்குள் வழங்கப்பட்டதாக, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக, இரண்டு வெற்றுப் பக்கங்களோடு இருக்க வேண்டும். புதிதாக எடுப்பவர்கள் பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை, கண்டியில் பிராந்திய அலுவலகம் இருக்கிறது.

மலையகத்தில் ஒரு சிக்கல் மற்ற இடங்களை விட அதிகம்: பெயர். பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, கடவுச்சீட்டில் மூன்றாவது. பிறப்புப் பதிவில் அப்பாவின் பெயர் ஒரு விதம், கல்யாணப் பதிவில் வேறு விதம். தோட்டங்களில் பதிவு எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள் இவை. குடும்பமாக விண்ணப்பிக்கும்போது தாய், தந்தை, பிள்ளை உறவு காகிதத்தில் நிரூபணமாக வேண்டும், அங்கேதான் இது முட்டும். பிழை பெரிதென்றால் பதிவைத் திருத்துங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகும், ஆகவே கப்பலுக்குப் பணம் கட்டும் முன்பே எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள். சிறிய வேறுபாடு என்றால் இருவரும் ஒருவரே என்ற சத்தியக் கடதாசி எடுத்து, சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் ஆங்கில மொழிபெயர்ப்போடு இணையுங்கள்.

வங்கிக் கணக்கு அறிக்கையில் விண்ணப்பத்துக்கு முந்தைய வாரம் திடீரென்று பெருந்தொகை விழுந்திருந்தால் சந்தேகம் வரும். காணி விற்ற பணமோ சீட்டுப் பணமோ என்றால் அதற்கான காகிதத்தையும் வையுங்கள். கப்பல் பதிவுச் சீட்டில் போகிற எல்லோர் பெயரும் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்க வேண்டும். பேர்கனில் கப்பலுக்கு முந்தைய இரவும், கிர்க்கெனெஸிலோ ஒஸ்லோவிலோ கடைசி இரவும் தங்குமிடம் காட்டாமல் விட்டால் அந்த இடைவெளி கேள்வியாகும். நோர்வேயில் சொந்தக்காரர் இருந்து அவர் பொறுப்பெடுத்தால் அதற்கென்று தனி உத்தரவாதப் படிவம் உண்டு, வெறும் அழைப்புக் கடிதம் போதாது. விசா கையில் வரும்வரை பணம் திரும்பாத விமானச் சீட்டை வாங்காதீர்கள். கப்பலுக்கு முற்பணம் கட்டும்போதும் விசா மறுக்கப்பட்டால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் கிளம்பும் பெரிய கப்பல்களின் விளம்பரங்களும் கண்ணில் படும், விலையும் இறங்கித் தெரியும். அதற்குப் பிரித்தானிய விசா தனியாக வேண்டும். லண்டன் வழியாக விமானம் மாறினாலும் ட்ரான்சிட் விசா பற்றிப் பார்க்க வேண்டும். டோஹா, துபாய் வழியாக ஒஸ்லோவுக்கு வந்தால் இந்தத் தலைவலி இல்லை. ஸ்வால்பார்ட் தீவுகளும் சேர்ந்த பயணம் என்றால், அது நோர்வேக்குச் சொந்தமானாலும் ஷெங்கனுக்கு வெளியே. திரும்பி வர இருமுறை நுழையும் விசா தேவை. ஒருமுறை விசாவோடு போனால் திரும்பும் வழி அடைபடும்.

குளிர் நமக்குப் பழக்கம்தானே என்ற நினைப்பைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஜூலையில் ட்ரொம்சோவின் சராசரி சுமார் 12 பாகை, நுவரெலியாவில் அது சாதாரண இரவு. ஆனால் நம் குளிர் நின்றிருக்கும் குளிர், அங்கே குளிர் ஓடும். கப்பல் சுமார் 15 நொட்டில், அதாவது மணிக்கு 28 கிலோமீற்றரில் போகும். காற்றே அசையாத நாளிலும் மேல்தளத்தில் நிற்பவர் முகத்தில் அந்த வேகத்தில் காற்று அடித்துக்கொண்டே இருக்கும். 5 பாகை என்பது அந்தக் காற்றில் உடம்புக்கு 0 போலத் தெரியும். எதிர்க்காற்றும் சேர்ந்தால் இன்னும் இறங்கும். ஜனவரி விடியலில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கும் உறைபனிக்குள், ஓடும் லொறியின் பின்தட்டில் நிற்பது போல.

உடுப்பு முறையை நம் கொழுந்துக்காரப் பெண்களிடமிருந்தே கற்கலாம். தலையில் கம்பளி, இடுப்பைச் சுற்றிப் படங்கு. கம்பளி நனைந்தாலும் சூடு விடாது, படங்கு காற்றையும் நீரையும் உள்ளே விடாது. கப்பலிலும் இதே தத்துவம்தான்: உடம்போடு ஒட்டிய மெல்லிய கம்பளி உள்ளாடை, அதன் மேல் ஃப்ளீஸ் அல்லது கம்பளி ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் மேலே காற்றும் மழையும் புகாத ஜாக்கெட், அதேபோல் காற்சட்டை. பருத்திப் பெனியனை உள்ளே போடாதீர்கள். படியேறி வியர்த்தால் அது ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், வெளியே நின்ற பத்தாவது நிமிடம் முதுகு விறைக்கும். ஒரே தடித்த கோட்டைப் பெரிய செலவில் வாங்குவதும் பிழை. உள்ளே வெப்பமூட்டிய அறை, வெளியே காற்று என்று நாளுக்கு இருபது முறை மாறுவீர்கள், கழற்றிப் போடக்கூடிய அடுக்குகள்தான் உதவும். மேல் ஜாக்கெட்டை நுவரெலியா பேல் பசாரில் தேடலாம். வாங்கும்போது தையலைப் புரட்டிப் பாருங்கள், உள்பக்கம் தையலின் மேல் நாடா ஒட்டியிருந்தால்தான் மழை தாங்கும். கையுறை இரண்டு சோடி: ஃபோனைத் தொட மெல்லியது ஒன்று, அதற்கு மேல் போட விரல் பிரியாத தடித்தது ஒன்று. குளிர்காலமென்றால் சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்பு முள்ளுப் பட்டை வேண்டும், ட்ரொம்சோ நடைபாதை கண்ணாடி போல் உறைந்து கிடக்கும். அதை அங்கேயே வாங்கலாம்.

வயிற்றைப் பற்றியும் யோசியுங்கள். பெரும்பாலான வழி தீவுகளின் மறைவில் குளம் போல் இருக்கும். திறந்த கடல் சில இடங்களில்தான்: முதல் இரவு முடியும் நேரத்தில் ஸ்டாட் முனை, பிறகு ஹுஸ்டாட்விக்கா, ஃபோல்டா, வெஸ்ட்ஃபியோர்டு, வடமுனைக்குக் கிழக்கே பேரன்ட்ஸ் கடல். ஹுஸ்டாட்விக்காவில் 2019 மார்ச் புயலில் ஒரு பெரிய கப்பலின் இயந்திரங்கள் நின்றுபோய் 479 பேரை ஹெலிகொப்டரில் தூக்க வேண்டிவந்தது. புயலில் கப்டன் ஒரு துறைமுகத்தைத் தவிர்த்தால் அதற்குக் காரணம் இருக்கும், கோபப்பட வேண்டாம். ரம்பொடை வளைவுகளில் பஸ்ஸில் வாந்தி எடுக்கிறவர் கட்டாயம் டொக்டரிடம் கேட்டு மாத்திரை எடுத்துப் போக வேண்டும். திறந்த கடலுக்கு ஒரு மணிநேரம் முன்பே விழுங்க வேண்டும், வாந்தி தொடங்கிய பிறகு வயிற்றில் தங்காது. தூக்கம் வரும் மருந்துகள் இவை, காட்சி நேரத்தைக் கணக்கில் வையுங்கள்.

சாப்பாட்டில் மீன் அதிகம், கலைமான் இறைச்சியும் வரும். சைவம், மாட்டிறைச்சி வேண்டாம் என்பதைப் பதிவின்போதே எழுதிக் கொடுங்கள், கப்பலில் ஏறிய பிறகு சொன்னால் உருளைக்கிழங்கும் சலாடும்தான் மிஞ்சும். தேயிலையைத் தாராளமாக எடுத்துப் போகலாம், பால்மாவை எடுக்காதீர்கள். ஐரோப்பாவுக்கு வெளியிலிருந்து இறைச்சியும் பால் பொருளும் கொண்டுபோகத் தடை. எல்லா அறையிலும் கேத்தல் இருக்காது, தீ அபாயத்தால் சொந்தக் கேத்தலையும் கப்பலில் விடமாட்டார்கள். ஃபிளாஸ்க் ஒன்று எடுத்தால் உணவறைச் சுடுநீரில் பிளேன்டீ ஊற்றி மேல்தளத்துக்குக் கொண்டு போகலாம். மின்சாரம் நம்முடையது போலவே 230 வோல்ட், ஆனால் பிளக் இரண்டு உருண்டைக் கம்பி, மாற்றி வேண்டும்.

வடமுனைக்குப் போகும் பஸ்ஸைக் கப்பல் மூலமே முன்பதிவு செய்யுங்கள். ஹொன்னிங்ஸ்வோக்கிலிருந்து சுமார் 34 கிலோமீற்றர். குளிர்காலத்தில் கடைசி 13 கிலோமீற்றரைப் பனி அள்ளும் வண்டிக்குப் பின்னால் வரிசையாகத்தான் போக விடுவார்கள். தனியாக வாகனம் பிடித்துப் போய் வரிசை தாமதமானால் கப்பல் போய்விடும், கப்பலின் பஸ் என்றால் கப்பல் காத்திருக்கும்.

வீட்டிலிருந்து கிளம்புவதற்கும் இதே எச்சரிக்கை. மழைக்காலத்தில் கினிகத்தேனைப் பக்கமோ ரம்பொடைப் பக்கமோ மண் சரிந்தால் கட்டுநாயக்கவுக்கு எந்த நேரத்தில் போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாது. முதல் நாளே இறங்கி நீர்கொழும்பில் தங்குங்கள். பேர்கனுக்கும் கப்பலுக்கு ஒரு நாள் முன்பே போய்விடுங்கள். அங்கே மழை அதிகம், குடையை விடத் தொப்பி வைத்த மழைக்கோட்டுதான் அந்தக் காற்றுக்குத் தாங்கும். ஒரு முழுச் சோடி சூட்டு உடுப்பு, மருந்து, ஃபோன் சார்ஜர் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி டோஹாவில் தங்கிவிட்டால் அது உங்களை எட்டிப் பிடிக்கும்வரை அந்தக் கைப்பைதான் துணை. கப்பலையே தவறவிட்டால் உடனே கப்பல் நிறுவனத்துக்கு அழைத்துச் சொல்லுங்கள். மூன்றாம் நாள் காலை அது ட்ரொண்ட்ஹெய்மில் சில மணிநேரம் நிற்கும், பேர்கனிலிருந்து விமானத்தில் போய் அங்கே ஏறிக்கொள்ளலாம்.